சஜ்தா இல்லாத தொழுகை

மழையில் நனைந்த கோரைப்பாய் வாடை மூக்கில் ஏறினால், கம்பைநல்லூரின் பழைய ஓட்டுப் பள்ளிவாசல்தான் இந்த வயசிலும் எனக்கு ஞாபகம் வருகிறது. இப்போது அங்கே வரிசையாகக் கடைகள். எண்பதுகளில் தொட்டித் தண்ணீரில் பாசி மணக்கும், ஓட்டிடுக்கில் புறா முனகும். எல்லோரும் ஜமாஅத்தாகக் கூடி நின்று கடமையான பர்ளு தொழுது முடித்ததும் பெரியவர்கள் ஆளுக்கொரு தூணோரமாக ஒதுங்கி, நபிவழித் தொழுகையான சுன்னத்து தொழுவார்கள், நான் தகரக்கடை வைத்திருந்த என் தகப்பனாரை, அத்தாவைப் பார்த்துப் பார்த்து, அவர் குனிந்தால் குனிந்து, சஜ்தாவில் தரையில் நெற்றி வைத்தால் நானும் வைத்து, அப்படித்தான் தொழக் கற்றேன்.

எனக்கு ஒன்பது வயதில் அத்தா மவுத்தானார். பள்ளிவாசல் முற்றத்தில், ஈரப்பாயில், அடக்கத்துக்கு முன் அவருக்கு ஜனாஸா தொழுகை. அதைக் குனியாமல் நின்றபடியே முடிக்க வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ‘அல்லாஹு அக்பர்’ என்று இரண்டாவது தக்பீர் கேட்டதும் பழக்கத்தில் குனிந்து, மூன்றாவதற்கு சஜ்தாவுக்கே போய்விட்டேன்.

"இவன் ஏண்டா படுத்துட்டான்?" என்று பின்னால் ஒருவன் சிரித்தான். வெட்கத்தில் நெற்றியை எடுக்கவேயில்லை. எழுந்தபோது அத்தாவைத் தோளில் ஏற்றியிருந்தார்கள்.

"நான் மறுபடி தொழுவட்டுங்களா மாமா?" என்று பக்கத்தில் நின்ற என் மாமாவிடம் கேட்டேன்.

"ஊரே தொழுதாச்சு கண்ணு. நாலு பேரு தொழுதாலே எல்லாரு கடமையும் தீந்துரும்."

"நான் தொழுவலீங்களே."

"விட்ட பர்ளுன்னா அப்புறமா களா தொழுவலாம். இதுக்குக் களா கெடையாது. வா, போலாம்."

அன்றிலிருந்து தினமும் இரண்டு ரக்அத்து நஃபில் தொழுது அத்தாவுக்காக துஆ கேட்கிறேன். நஃபில் என்பது நாமாக விரும்பித் தொழுவது. எத்தனை தொழுதாலும் அது நஃபில்தான்.