ஒரு வாய் தொடு

சாய்ராவின் வீட்டு இணையம் காலைத் தேநீருக்கு முன்பே போய்விட்டது. போனால் போகட்டும் என்று அவளால் விட முடியாது. பிஷ்கேக் நகரத்தின் ஓரத்தில், பள்ளத்தில் கிடக்கும் குடியிருப்பு அது. சிக்னல் பிடித்துக் கைப்பேசியில் பேச வேண்டுமென்றால் மூச்சு வாங்க மேட்டுச் சாலைக்கு ஏற வேண்டும். முற்றத்துக் கேமராவும், நாய் வளர்ப்போரின் இணையக் குழுவும் வீட்டுக்கு வரும் அந்த ஒற்றைக் கம்பியை நம்பித்தான் இருந்தன.

டிராலிபஸ் என்ற மின்சாரப் பேருந்தை ஓட்டி ஓய்வு பெற்றவள். பிள்ளை குட்டி இல்லை, புருஷன் போய்ச் சேர்ந்தாயிற்று. தெருவில் அடிபட்டுக் கிடக்கும் நாய்களை கெரேஸ் என்ற பெண் கொண்டுவந்து விடுவாள். நல்ல வீடு கிடைக்கும்வரை சாய்ரா வைத்துப் பார்த்துக்கொள்வாள். இப்போது இருந்தவை இரண்டு: மூன்று கால் அக்தோஷ், அவன் பின்னாலேயே திரியும் ஒரு புள்ளிக் குட்டி. அக்தோஷை சனிக்கிழமை ஒரு குடும்பம் அழைத்துப்போவதாக இருந்தது. அதுவரை அவனை உயிரோடு வைத்திருக்க வேண்டும். அது சின்னக் கவலை இல்லை. சில நாட்களாக யாரோ விஷ இறைச்சியை வீசி, பக்கத்துத் தெரு நாய்கள் துடித்துச் செத்துக்கொண்டிருந்தன. இன்று எந்தத் தெரு என்று கெரேஸ் குழுவில்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கம்பியைத் தொடர்ந்து போய்ப் பார்த்தாள். பக்கத்து வீட்டுத் தெமிர்கானின் வேலியோரக் கம்பத்தில் அது அறுந்து தொங்கியது. எலி கடித்திருந்தால் பிசிறு இருக்கும். இதைக் கத்தரித்திருந்தார்கள். நேரே அவன் வாசலுக்குப் போனாள்.

போன குளிர்காலத்தில் தெருநாய்கள் ஆடுகளைக் கடித்துப் போட்டதிலிருந்து தெமிர்கானுக்கு நாய் என்றாலே ஆகாது. ஆடு காக்கும் அவனுடைய நாய் கப்லான் மட்டும் அந்தக் கணக்கில் வராது; அவனுக்கு உயிர் அது. வாசலில், தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கும் சமோவாருக்குச் சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, கம்பி அறுந்து கிடக்கே, யாரையாச்சும் பார்த்தியா?"

"காத்துல அறுந்திருக்கும்க்கா. ஒரு நாள் நெட் இல்லேன்னா உங்க நாய்ங்க படம் பார்க்காம செத்தா போயிடும்?" என்று சிரித்தான். "மத்தியானம் பேரனைத் தொட்டில்ல போடுறோம், வந்துடுங்க. அதுங்களை மட்டும் கூட்டிட்டு வந்துடாதீங்க."

போகாமல் இருக்க முடியுமா? தொட்டில் விருந்துக்குப் போகாதவள் நாளைக்குச் செத்தால் மண் அள்ளிப் போட ஒருத்தரும் வரமாட்டார்கள். நாய்களை உள்ளே பூட்டிவிட்டுப் போனாள். கிளம்பும்போது எல்லோருக்கும் போல அவளுக்கும் விருந்துப் பங்கு ஒரு பையில் வந்தது. தெமிர்கான் தானே எழுந்து வந்து ஆட்டுக்கறி இருந்த இன்னொரு பையையும் நீட்டினான்.

"இது உங்க பசங்களுக்கு. விருந்துன்னா எல்லார் வயிறும் நிறையணும்ல?"

பங்கை வேண்டாம் என்று சொன்னவரை அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. குப்பையில் கொட்டுவது அதைவிடப் பாவம். வாங்கிக்கொண்டாள்.

வீட்டில் அக்தோஷ் மோப்பம் பிடித்து, மூன்று காலில் துள்ளித் துள்ளி அவள் மடியில் முகத்தை வைத்தான். அவள் பையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கேமராவின் விளக்கு அணைந்து கிடந்தது. தெமிர்கான் நல்ல மனதோடு கொடுத்திருந்தால்? பிறகு நான்தானே பாவி? யாரைக் கேட்பாள்? பயமும் ஆத்திரமுமாக எழுந்தாள். பையோடு திரும்பிப் போனாள்.

அங்கே ஆட்கள் இன்னும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். நேரே தெமிர்கானிடம் போய், ஒரு துண்டை எடுத்து நீட்டினாள்.

"நீ குடுத்ததுதான் தம்பி. ஒரு வாய் தொடு. அப்புறம் அதுங்களுக்குப் போடுறேன்."

ஒரு வாய் தொடு என்று யாராவது நீட்டிவிட்டால், வயிறு வெடிக்கிற மாதிரி இருந்தாலும் ஒரு துணுக்கைப் பிய்த்து நாக்கில் வைத்தே ஆக வேண்டும். தீராத பகையாளிகூட மறுக்க மாட்டான்.

"வயிறு நிறைஞ்சு போச்சுக்கா," என்றான் தெமிர்கான்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னங்க இது, அக்கா கையை நீட்டிட்டு நிக்கிறாங்க," என்று அவன் மனைவி சோனுன் குறுக்கே வந்தாள். "குடுங்கக்கா, நான் தொடுறேன்."

சாய்ரா வாயைத் திறப்பதற்குள் சோனுன் துண்டைப் பிடுங்கி உதட்டருகே கொண்டுபோய்விட்டாள். தெமிர்கான் பாய்ந்து அவள் கையைத் தட்டிவிட்டான். துண்டு மண்ணில் விழுந்தது. எலும்புக்காக வளைய வந்துகொண்டிருந்த கப்லான் அதை ஒரே விழுங்கில் விழுங்கிவிட்டது.

தெமிர்கான் மண்டியிட்டு நாயின் வாய்க்குள் கையை விட்டுத் துழாவினான். நல்லா வேணும் உனக்கு என்று சாய்ராவுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. வீட்டுக்கு ஓடினாள். விஷம் தின்ற நாய்களுக்கென்று அலமாரியில் வைத்திருந்த விஷமுறிவு மருந்தையும் ஊசியையும் எடுத்துக்கொண்டு வருவதற்குள் கப்லானின் பின்னங்கால்கள் உதற ஆரம்பித்திருந்தன.

"எவ்வளவுக்கா போடணும்?" என்று கேட்டான் தெமிர்கான்.

"எனக்கு எப்படிப்பா தெரியும்? கூடினாலும் ஆபத்து, குறைஞ்சாலும் ஆபத்து. ஒவ்வொரு தடவையும் கெரேஸ்தான் டாக்டரைக் கேட்டுச் சொல்லுவா."

"அப்ப கேளுங்கக்கா. சீக்கிரம் கேளுங்க."

"எதுல கேக்கறது தம்பி?"

யாரோ மேட்டுச் சாலைக்கு ஓடினார்கள். ஏறிப் பேசிவிட்டுத் திரும்புவதற்கு நேரமாகும். தெமிர்கான், அறுந்த கம்பி தொங்கிய வேலியோரக் கம்பத்தை அண்ணாந்து பார்த்தான். பிறகு செருப்பை உதறிவிட்டு அதில் ஏறத் தொடங்கினான். கீழே சாய்ராவின் மடியில் கப்லானுக்குப் பல் கிட்டிவிட்டது.