கடற்பஞ்சுக்கு நான் வரைந்த அம்புகள்

எழுதுவதுதான் என் பிழைப்பு என்றாலும், கடைப் பலகைகளையும் சுவர் விளம்பரங்களையும் தவிர வேறெதுவும் எழுதியதில்லை. பத்தாவதோடு நின்றவன் ஒரு டீச்சரைப் பற்றி எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சின்னமனூர்ப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் ஆய்வகச் சுவருக்குப் படம் வரையக் கூப்பிட்டிருந்தார்கள். மறுநாள் அதிகாரிகள் பார்வையிட வருவதாக இருந்தது. அது நல்லபடியாக முடிந்தால் அறிவியல் டீச்சரின் தற்காலிக வேலையை நிரந்தரமாக்குவதாகத் தாளாளர் சொல்லியிருந்தார். டீச்சர் கொடுத்த தாளில் பென்சிலால் வரைந்த ஒரு ஜாடி இருந்தது. உடம்பெல்லாம் பொடித் துளைகள், மேலே ஒரு பெரிய திறப்பு.

“பூஜாடியா டீச்சர்?”

“உசுருள்ள ஜாடிண்ணே, கடற்பஞ்சு. ஒட்டுன எடத்த விட்டு நகராது. தண்ணியத்தான் நகத்தும்” என்று சிரித்தார். மணி அடித்ததும் வகுப்புக்குப் போய்விட்டார்.

தாளில் அம்புகள் துளைகள் வழியே உள்ளே போய், மேலே வெளியே வந்தன. எனக்கு அது தவறாகப் பட்டது. எங்கள் பள்ளத்தாக்கில் தண்ணீர் பெரிய மடையில் நுழைந்துதான் சிறு வாய்க்கால்களாகப் பிரியும். டீச்சர் அவசரத்தில் மாற்றிப் போட்டுவிட்டார் என்று நினைத்தேன். கேட்கக் கூச்சம். எல்லா அம்புகளையும் திருப்பி வரைந்தேன். உதவி செய்வதாகவே எண்ணம்.

மாலையில் தாளாளர் பாடப்புத்தகத்தோடு வந்தார், பின்னால் டீச்சரும்.

“ஏம்மா, புத்தகத்துல மேல வெளிய வருது, செவத்துல மேல உள்ள போகுது. கழிவு போற வழியில சோறு ஊட்டுற பள்ளிக்கூடம்னு எழுதிட்டுப் போவாக!”

டீச்சர் சுவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“நான் பாத்திருக்கணும் சார். என் தப்புதான்.”

“நாளைலருந்து நீங்க வர வேணாம். அதிகாரிககிட்ட கணக்கு டீச்சர் பேசிக்கிருவாக.”

நான் பிரஷ்ஷை அலசிக்கொண்டிருந்தேன். சொல்லியிருக்க வேண்டியது ஒரு வரிதான். சொல்லவில்லை.

தாளாளர் போனபின் டீச்சர் சுவரில் விரல் வைத்துக் காட்டினார். குரலில் கோபம் இல்லை.

“தண்ணி இந்தத் துளைக வழியாத்தாண்ணே உள்ள போகும். உள்சுவர்ல சாட்டை மாதிரி இழைக இருக்கு. அதுக ஆடுறதுலதான் தண்ணி ஓடும். இரையப் பிடிச்சுக்கிட்டு மிச்சத்த மேல தள்ளிரும்.”

“மடை மாதிரின்னு நெனச்சுட்டேன் டீச்சர்.”

“மடைக்கு நேர் தலகீழுண்ணே. பலதுல வாங்கி ஒண்ணுல விடும்.”

இப்போது யார் எழுதக் கொடுத்தாலும், பிழையாகத் தெரிந்தால் கேட்டுவிடுகிறேன். கூச்சம் போய்விடவில்லை.

அன்றைக்கு மறுநாள் காலை, டீச்சர் தாளில் இருந்தபடியே அம்புகளை மாற்றி வரைந்தேன். பதினோரு மணிக்கு அதிகாரிகள் வந்தார்கள். கணக்கு டீச்சர் விளக்கினார். படம் சரியாக இருக்கிறது என்றார்கள்.