குறுக்குக் கம்பத்துக்கு மேலால்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஒஸ்லோவில் ஒரு பல்கலைக்கழக அணிக்குப் பயிற்சியாளனாக இருந்தேன் என்று சொன்னால் என் மனைவியே சிரிப்பாள். முழு அணிக்கும் அல்ல, அதில் ஒருவனுக்கு மட்டும். அதுவும் அமெரிக்கன் ஃபுட்போல். அதில் முக்கால்வாசி நேரமும் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவார்கள், ஆளையாள் விழுத்துவார்கள். எப்போதாவதுதான் ஒருவன் வந்து காலால் உதைத்துவிட்டுப் போவான். அந்த ஒருவன்தான் என் பொறுப்பு.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய ஆண்டுகள் அவை. நோர்வேயின் வடகோடியில், பாட்ஸ்பியோர்ட்டில் மீன் வெட்டிக் கை விறைத்துப்போய் ஒஸ்லோவுக்கு இறங்கி வந்தவன், ஒரு விளையாட்டு மைதானத்தைப் பராமரிக்கும் வேலையில் இருந்தேன். கதவு திறப்பது, கோடு போடுவது, பனி தள்ளுவது. ஒருநாள் மாணவர் அணியின் முட்டை வடிவப் பந்து வேலி தாண்டி என் பக்கம் வந்தது. வேலைச் சப்பாத்தோடு திருப்பி உதைத்தேன். அது மைதானத்தைக் கடந்து, கோல் கம்பத்துக்கு மேலாலும் போய், கார் தரிப்பிடத்தில் ஒரு காரின் மேல் விழுந்தது. அணியின் தலைமைப் பயிற்சியாளர், கதவளவு அமெரிக்கர், என்னை நோக்கி ஓடி வந்தார். வேலை போச்சு என்றே நினைத்தேன். அவர் என் தோளைப் பிடித்து, எங்கள் இருவருக்கும் பொதுவான அரைகுறை நோர்வேஜிய மொழியில், உதைகாரனுக்குப் பழக்குவாயா என்று கேட்டார். மாட்டேன் என்றால் கார்க் கதையை எடுப்பாரோ என்ற பயத்தில் தலையாட்டினேன்.

எனக்கு இருந்த தகுதி ஒன்றுதான். தமிழ்க் கழகத்துக்கு உதைபந்தாட்டம் ஆடிய காலத்தில் நான் அடித்த பெனால்டிகள் அநேகமாகக் கம்பத்துக்கு மேலால் போனவை. அதற்கு வாங்கிய ஏச்சு கொஞ்சமில்லை. இந்த விளையாட்டிலோ இரண்டு நெடுங்கம்பங்களுக்கு நடுவால், குறுக்குக் கம்பத்துக்கு மேலால் போனால்தான் புள்ளி. என் பிழைக்குக் கைதட்டுகிற ஒரு விளையாட்டு உலகத்தில் இருந்திருக்கிறது, எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

உதைகாரன், ஒஸ்லோவின் ரொம்சோஸ் பகுதியில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்திலேயே வளர்ந்த தமிழ்ப் பெடியன். இங்கே பிறந்தவன், பொறியியல் படித்துக்கொண்டிருந்தான். அமெரிக்காவில் ஒரு கல்லூரி அணிக்கு உதைக்கவேண்டும் என்பது அவன் ஆசை. பல கல்லூரிகளுக்கு எழுதினான். ஒன்றே ஒன்றுதான் பதில் போட்டது. நீ உதைப்பதை வீடியோ எடுத்து அனுப்பு, பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று அங்குள்ள பயிற்சியாளர் எழுதியிருந்தார்.

அவனுக்குப் பதற்றமே இல்லை. எல்லாம் எனக்குத்தான். அவன் பந்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது ஓரத்தில் நின்று நான் தொடங்கிவிடுவேன்.

"தலையைத் தூக்காதை. கணுக்காலை இறுக்கு. பயப்படாதை."

"மாமா, எனக்குப் பயமில்லை. நீங்கள் சொல்லேக்கைதான் வருது. ஸ்லாப் ஆவ், கொஞ்சம் ஆறுதலா நில்லுங்கோ."

"சரி, இனிக் கதைக்கேல்லை."

"கதைச்சுக்கொண்டுதானே நிக்கிறியள்."

"இது கதை இல்லையடா, மூச்சு."

வீடியோவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பொறுப்பெடுத்தேன். அங்கேதான் எல்லாம் பிழைத்தது. எங்கள் ஆட்களுக்கு வீடியோ என்றால் கலியாணம், சாமத்தியவீடு, முதல் நன்மை எல்லாம் எடுக்கிற வீடியோ அண்ணைதான். அவர் குடை விளக்குகளோடு மைதானத்துக்கு வந்து இறங்கினார். பெடியனின் தாய் பட்டுச்சேலையில் வந்திருந்தார்.

"தம்பி, பந்தை நெஞ்சோடை ஒருக்கா அணைச்சுப் பிடியும். அம்மாவும் பக்கத்திலை வந்து நில்லுங்கோ. அந்த வெள்ளைக்காரரையும் வரச் சொல்லுங்கோ, ஆள் நல்ல வடிவு."

இதெல்லாம் தேவையா என்று தலைமைப் பயிற்சியாளர் என்னிடம் கேட்டார். எங்கள் ஆட்களில் இவரை மிஞ்ச ஆளில்லை என்று சொன்னேன். அது பொய்யில்லை.

டிவிடி வந்தது. வானத்திலிருந்து ரோசா இதழ் கொட்டியது. இதய வடிவச் சட்டத்துக்குள் பந்து சுழன்றது. நாதஸ்வரம் முழங்க, பெடியன் மெதுவாக, மிக மெதுவாக ஓடி வந்தான். கால் பந்தில் பட்டதோ இல்லையோ, கமரா தாயின் முகத்துக்குத் திரும்பியது. அடுத்த உதைக்கு என் முகம்: இரண்டு கையும் தலையில், கண் இறுக்க மூடியபடி. எனக்கும் மனைவிக்கும் நன்றாகப் பிடித்திருந்தது. பெடியன் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். பிந்திவிடுமோ என்ற பயத்தில் அவனுக்குக்கூடக் காட்டாமல் தபாலில் போட்டுவிட்டேன்.

கல்லூரியிலிருந்து பதில் அவனுக்குத்தான் வந்தது. அதை எடுத்துக்கொண்டு மைதானத்து அறைக்கு வந்தான்.

"மாமா, சந்தோசமான குடும்பம் எண்டு எழுதியிருக்கிறார். பந்து எங்கை போனது எண்டும் கேக்கிறார்."

"நடுவாலைதானே போனது!"

"அது எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். ரோசாப்பூ என்னத்துக்கு?"

"அது அவர் எல்லாருக்கும் போடுறவர்."

பெடியன் சிரிக்கவில்லை. பின்னால் நின்று, வெட்டாமல் ஒட்டாமல் எடுத்த படம் இந்தக் கிழமைக்குள் வேண்டுமாம், இல்லாவிட்டால் வேறொருவனைப் பார்க்கிறார்களாம். "எனக்குப் பதில் போட்டது இது ஒண்டுதான், மாமா," என்றான். அவன் ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்தக் கிழமை பார்த்துப் பனி கொட்டியது. ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் கேட்காமல் நகரசபையின் பனி தள்ளும் வண்டியை எடுத்தேன். பொலிஸ் வருமா, வேலை போகுமா, வண்டி கவிழுமா என்று ஒவ்வொரு திருப்பத்திலும் யோசித்து யோசித்து ஒரு பாதையைத் துப்புரவாக்கினேன். தலைமைப் பயிற்சியாளர் பனிக்குள் முழங்காலிட்டு, அவன் உதைப்பதற்குப் பந்தை நிறுத்திப் பிடித்தார். மனைவி ஏணியில் ஏறி நின்று கமராவைப் பிடித்தாள்.

"இஞ்சருங்கோ, நீங்கள் அங்காலை போய் நில்லுங்கோ. உங்கடை முகத்தைப் பாத்தா கமரா ஆடுது."

நான் கழுத்துச் சால்வையை வாய்க்குள் அடைத்துக்கொண்டு வேலியோரம் போனேன்.

குளிரில் பந்து கல்லாக இருந்தது. முதல் உதை நேரே கம்பத்தில் மோதித் திரும்பி வந்தது. சால்வையைப் பிடுங்கிவிட்டு ஓடினேன்.

"அதை வெட்டிப்போடுவம்! திருப்பி முதலிலையிருந்து எடுப்பம்!"

"வெட்டக்கூடாது எண்டுதானே எழுதியிருக்கினம்," என்றான் பெடியன். "மாமி, நிப்பாட்டாதேங்கோ."

மனைவி நிப்பாட்டவில்லை. அவன் மறுபடி பின்னுக்கு நடந்து, பக்கவாட்டில் விலகி, மூச்சை விட்டு, ஓடி வந்தான். அது நடுவால் போனது. அதற்கடுத்ததும் போனது. பின்னர் ஒன்று வெளியே போனது, அதற்கும் அவன் முகம் மாறவில்லை. இருட்டும்வரை உதைத்தான். படம் முழுக்க, காட்சிக்கு வெளியே ஓர் ஆள் அந்தோனியாரைக் கூப்பிடுவது கேட்கிறது. அதையும் வெட்டாமலே கணினியில் அனுப்பினான்.

சில நாட்களில் கல்லூரியிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. மைதானத்து அறையில் எல்லாரும் கேட்கும்படி போட்டு வைத்தான். அவர்களின் இங்கிலீசு எனக்குப் பாதிதான் பிடிபட்டது. பெடியன் வைத்துவிட்டுக் கதிரையில் ஏறிக் குதித்தான்.

"வரச் சொல்லிட்டினம், மாமா! பிழைச்ச பிறகும் அடுத்ததை அதே மாதிரி அடிச்சனாம், அது பிடிச்சுதாம். அங்கை ஏற்கெனவே ஒருத்தன் இருக்கிறானாம். நானும் அவனும் போட்டி போடவேணும்."

"மற்றவன் எப்பிடியாம்? உயரமோ?"

"மாமா, ஒரு நிமிசம் எண்டாலும் சந்தோசமா இருங்கோவன்."

இருந்து பார்த்தேன். தலைமைப் பயிற்சியாளர் என்னைத் தூக்கிச் சுழற்றி இறக்கும் வரைக்கும் உண்மையாகவே சந்தோசமாகத்தான் இருந்தேன். கால் நிலத்தில் பட்டதும் கேட்டேன்:

"டேய், உன்ரை பாஸ்போட் எப்ப முடியுது?"