ஒளித்து வைத்த பன்னிரண்டு பேணிகள்

வியாழக்கிழமை காலையில் கடைக் கதவின் மணி அடித்தால் இப்போதும் எனக்கு ஒரு வாடிக்கையாளரின் நினைவுதான் வருகிறது. அந்த மனிதர் வருவது வியாழக்கிழமைகளில்தான். அவர் இறந்து ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. ஆனாலும் வியாழன் என்றால் நான் கதவைப் பார்க்காமல், கணினித் திரையைப் பார்த்தபடியே என்ன வேண்டும் என்று கேட்கிறேன். பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கையில்லை. இது அதைவிட மோசம்.

நான் வேலை செய்வது ஆஸ்திரேலியாவில், டண்டினொங் என்ற புறநகரில், டயர்க் கடைக்கும் தளபாடக் களஞ்சியத்துக்கும் நடுவே உள்ள துப்பாக்கிச் சாமான் கடையில். இலங்கைச் சண்டையிலிருந்து தப்பி வந்தவளுக்குப் போயும் போயும் வெடிமருந்துக் கடைதானா கிடைத்தது என்று கோயிலில் கேலி செய்வார்கள். விளையாட்டுச் சாமான் கடை என்று முதலில் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. பிள்ளைகள் பள்ளியால் வருவதற்குள் முடிகிற வேலை எனக்குத் தேவைப்பட்டது. கிடைத்தது இது.

எங்களிடம் வருகிறவர்களில் ஒரு சிறு கூட்டம் பழைய முறையில் சுடுகிறவர்கள். குழலின் வாய்வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, துணித்துண்டு சுற்றிய ஈயக் குண்டைக் கோலால் இறக்கி, பின்பக்கம் ஒரு செப்புத் தொப்பியை மாட்டிச் சுட வேண்டும். தொப்பி கொத்தமல்லி விதையைவிடக் கொஞ்சம் பெரியது. நூறு தொப்பிகள் ஒரு சின்னத் தகரப் பேணியில் வரும். பொறி தருவது அதுதான். அது இல்லையென்றால் துப்பாக்கி வெறும் இரும்புக் குழாய். குண்டை வீட்டிலேயே உருக்கி வார்க்கலாம், துணியை வெட்டிக்கொள்ளலாம். தொப்பி மட்டும் கடல் கடந்து வரவேண்டும். வெடிக்கும் சாமான் என்பதால் எல்லாக் கப்பலும் ஏற்றாது. மாதக்கணக்கில் வராது, வந்தால் ஒரே நாளில் முடிந்துவிடும். ஆளுக்கு ஒரு பேணி என்று முதலாளி அட்டை எழுதித் தொங்கவிட்டிருந்தார்.

பெட்டி வரும் ஒவ்வொரு முறையும் நான் இரண்டு மூன்று பேணிகளை எடுத்து, உள்ளே பூட்டு அறையில் துடைக்கும் துணிப் பெட்டிகளுக்குப் பின்னால் வைத்துவிடுவேன். யாரும் வைக்கச் சொல்லவில்லை. ஊரில் சண்டை நடக்க, சாமான்கள் வராமல் மறித்திருந்த பொருளாதாரத் தடைக் காலத்தில் பழகிய கை அது. நெருப்புப்பெட்டி, பற்றரி, சவர்க்காரம், எது கிடைத்தாலும் பாதியை ஒளித்துவிட்டு, கேட்டு வந்தவரிடம் முடிந்துவிட்டது என்று அம்மா சொல்வார். கேட்டு வந்தவரும் தன் வீட்டில் அப்படித்தான் சொல்லியிருப்பார். அதைப் பொய் என்று எங்கள் ஒழுங்கை வீடுகளில் ஒருவரும் நினைக்கவில்லை. குடும்பம் நடத்தத் தெரிந்தவள் என்றுதான் பெயர். அந்தப் பெயர் எனக்கும் உண்டு. என் குசினியில் எப்போதும் மூன்று மாதத்துக்கு அரிசி இருக்கும். பேணிகள் பன்னிரண்டு சேர்ந்தபோது கணவரிடம் பெருமையாகத்தான் சொன்னேன்.

அந்த மனிதர் எழுபது தாண்டியவர், வெள்ளைக்காரர், முன்பு வீடுகளுக்குத் தண்ணீர்க் குழாய் பூட்டுகிற வேலை செய்தவர். கடைக்கு வருகிறவர்களில் என் பெயரைச் சரியாகச் சொன்ன ஒரே ஆள். எத்தனை வருடப் பழக்கமானாலும் கேட்காமலே உரிமப் பத்திரத்தை எடுத்து நீட்டுவார். சென்ற இலையுதிர் காலத்துக்கு முந்தியதில் அவர் தடி ஊன்றி வந்தார். சட்டை தோளில் தொங்கியது. புற்றுநோய் ஈரலுக்குப் போய்விட்டது, குளிர்காலம் வரை தாங்காது என்று டொக்டர்மார் சொல்லிவிட்டார்கள் என்று, மழை வரும் என்பதுபோல் சொன்னார். அடுத்த மாதம் அவருடைய துப்பாக்கிக் கழகத்தின் போட்டி. தானே கட்டிய துப்பாக்கியோடு கடைசியாக ஒருமுறை கோட்டில் நின்று சுட வேண்டும் என்றார். நான்கு மாதமாக தொப்பி வைக்கும் எங்கள் இறாக்கைத் தட்டு வெறுமையாகக் கிடந்தது அவருக்கும் தெரியும்.

“பேணி வேண்டாம். பத்துத் தொப்பி இருந்தால் போதும்” என்றார்.

“முடிந்துவிட்டது” என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. கொடுப்பதா விடுவதா என்று மனதுக்குள் ஒரு போராட்டம் நடந்திருந்தால்கூட எனக்கு இன்று கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. வாய் தானாகச் சொன்னது. அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அன்று பின்னேரம் கணவரிடம் அவரைப் பற்றிப் பாவப்பட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். கணவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“உம்மட்டைப் பன்னிரண்டு பேணி கிடக்கெண்டு சொன்னனீரெல்லோ? பிறகேன் அந்த மனிசனுக்கு இல்லையெண்டனீர்?”

அப்போதுதான் எனக்கே உறைத்தது. அடுத்த நாளே அந்த மனிதருக்குத் தொலைபேசி எடுத்திருக்கலாம். ஆனால் இல்லை என்று சொன்ன வாயால் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? என்னை என்ன நினைப்பார்? கப்பல் வரட்டும், புதிதாக வந்தது என்று சொல்லிக் கொடுத்துவிடலாம் என்று முடிவெடுத்தேன். மானம் பார்த்தேன், வேறொன்றுமில்லை. அதன்பிறகு அவர் இன்னும் இரண்டு வியாழக்கிழமைகள் வந்தார். இரண்டு முறையும் இன்னும் வரவில்லை என்றேன். இரண்டாம் முறை, அது உன் பிழையில்லை, கவலைப்படாதே என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். பூட்டு அறைச் சாவி என் இடுப்பில் இருந்தது.

கப்பல் வந்தது போட்டி முடிந்து பத்து நாளுக்குப் பிறகு. நான் அழைத்தபோது அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். அந்த மாதமே போய்விட்டார்.

இரண்டு மாதம் கழித்து அவருடைய மகள் ஒரு மரப்பெட்டியோடு கடைக்கு வந்தாள். நாற்பது வயதிருக்கும். துப்பாக்கியைக் கழகத்து நண்பர் ஒருவர் முறைப்படி எடுத்துக்கொண்டாராம். மிச்சச் சாமான்களை விற்றுத் தரமுடியுமா என்று கேட்டாள். குண்டு வார்க்கும் அச்சு, கரிமருந்துக் குடுவை, வட்டமாக வெட்டி அடுக்கிய துணித்துண்டுகள். ஐஸ்கிறீம் டப்பா ஒன்றில் புதிதாக வார்த்த ஈயக் குண்டுகள் பளபளத்தன. போட்டிக்கென்று கை நடுங்க நடுங்க வார்த்தவை என்றாள். கடைசிவரை சிட்னிக் கடைகளுக்குக்கூட அழைத்துக் கேட்டாராம்.

“கடையில் தொப்பி இருந்திருந்தால் அந்தப் பெண் எப்படியும் எனக்குத் தந்திருப்பாள் என்று உங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார்” என்றாள்.

நான் அவளிடம் உண்மையைச் சொன்னேன். பன்னிரண்டு பேணிகள் உள்ளே இருந்தன என்றேன். அவளுக்கு முதலில் விளங்கவில்லை. திரும்பவும் சொன்னேன். அவள் கத்தவில்லை. சாமான்களை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் திருப்பி வைத்து மூடினாள். பிறகு, யாருக்காக அவற்றை வைத்திருந்தீர்கள் என்று கேட்டாள்.

யாராவது கட்டாயம் தேவைப்பட்டு வருவார்கள், அப்போது கொடுக்கலாம் என்று வைத்திருந்தேன் என்றேன்.

“அப்பா வந்தாரே” என்றாள்.