அன்றைக்கென்று எடுத்து வைத்த சப்பாத்து

சப்பாத்து வாங்க மாலையில்தான் போக வேண்டும் என்று எங்கோ படித்திருந்தேன். பகலெல்லாம் நின்ற கால் மாலையில் சற்று வீங்கியிருக்கும். ஓடும்போதும் அப்படித்தான் வீங்கும். அந்த வீக்கத்துக்கு இடம் விடுகிற சப்பாத்துதான் ஓட்டத்துக்கு ஆகும். அதனால் என் மனைவி கையுறைத் தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்த ஒரு மாலை, அவளை அப்படியே மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஈப்போ டவுனுக்குப் போனேன்.

எனக்கு எதையும் அரைகுறையாக விடத் தெரியாது. ஒன்றைத் தொட்டால் அதன் அடிவரை போய்த் துழாவிவிட்டுத்தான் வேறு வேலை. டவுனில் நடக்கும் பத்துக் கிலோமீட்டர் ஓட்டத்துக்கு அவள் பெயர் கொடுத்தாள். துணைக்கு நானும் கொடுத்தேன். கொடுத்த கையோடு சப்பாத்துகளைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். குதிகால் எவ்வளவு உயரம், அடிப்பாகம் எவ்வளவு மெத்து, பெருவிரலுக்கு முன்னால் எவ்வளவு இடம். பழைய காலண்டர் தாளைத் தரையில் போட்டு, அதன்மேல் அவளை நிற்க வைத்து, பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு இழுத்தேன்.

"அளவு எடுக்கிறீங்களா, கோலம் போடுறீங்களா? கூசுதுலா!"

விரல்கள் விசிறி போல விரிந்த பாதம். தாளின் மேல் அது ஏதோ ஓர் இலை மாதிரி கிடந்தது. அந்தத் தாளை இன்னும் நான் எறியவில்லை.

தொழிற்சாலையில் அவளைச் சும்மா விடவில்லை. "அக்கா, பாதி வழியில பஸ் ஏறிடாதீங்க!" என்றாளாம் ஒருத்தி. "மெடல கடையில வாங்கிட்டு வந்து காட்டுனா ஒத்துக்க மாட்டோம்" என்றாளாம் இன்னொருத்தி. குறித்த நேரத்துக்குள் வந்து சேர்ந்தவர்களுக்கு மட்டும்தான் மெடல். "திங்கக்கிழமை கழுத்துல போட்டுக்கிட்டே வாரேன், பாருங்கடி" என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் சொல்லி முடித்த பிறகும் கை கழுத்தடியில், மெடல் தொங்கும் இடத்திலேயே இருந்தது.

கடைக்காரச் சீனத்து அம்மா குனிந்து, சப்பாத்தின் நுனியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். இடம் போதும் என்றார். பிறகு மலாயில் சொன்னார்: நாளையிலிருந்தே தினமும் கொஞ்ச நேரம் போட்டு நட. பழகாத சப்பாத்தோடு ஓடப் போகாதே. என் மனைவி நன்றாகத் தலையாட்டினாள். நானும் ஆட்டினேன்.

மறுநாள் விடிகாலை பார்த்தால் புதுச் சப்பாத்துப் பெட்டி அலமாரி உச்சியில் இருக்கிறது. கோலாலம்பூரில் வேலைக்குப் போய்விட்ட மகளின் பழைய வெள்ளைப் பள்ளிச் சப்பாத்தைக் கட்டிக்கொண்டு இவள் வாசலில் நிற்கிறாள்.

"அது யாருக்கு வாங்குனது?"

"புதுச எடுத்து இந்தச் செம்மண்ணுல போட்டுக் கெடுக்கச் சொல்றீங்களா? அன்னிக்குத்தான் போடுவேன்."

"போட்டுப் பழகணும்னு சொன்னாங்கல்ல?"

"தீபாவளிச் சட்டைய முன்னாடியே போட்டுப் பழகிட்டா உடுத்துறோம்? பேசாம வாங்க."

பாகான் செராய் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள் அவள். வருஷத்துக்கு ஒரு சோடிப் பள்ளிச் சப்பாத்து. அது அழுக்காகக் கூடாது என்று கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு மண்பாதையில் நடப்பாள். பள்ளி வாசலில் காலைக் கழுவிவிட்டுப் போட்டுக்கொள்வாள். வீடு திரும்பும்போது மறுபடி கைக்கு வந்துவிடும். கல்யாணமான புதிதில் இதைச் சொல்லியிருக்கிறாள். சப்பாத்தைச் சுமந்து போகும் பிள்ளை. என் மனசில் அது ஒரு கவிதை போல ஒட்டிக்கொண்டது. அன்று வாசலிலும் அதேதான் நடந்தது. அலமாரி மேல் இருந்த பெட்டியில் நான் அந்தச் சின்னப் பிள்ளையைப் பார்த்தேன், அழகு என்று நினைத்தேன், வாயை மூடிக்கொண்டேன். அழகாக இருக்கிறது என்று எத்தனையை அப்படியே விட்டிருக்கிறேன்.

எங்கள் தாமான் குடியிருப்புக்குப் பின்னால் பழைய ரப்பர்த் தோட்டத்துச் சாலை. ரப்பர் மரமெல்லாம் போய் இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனை. பனி இறங்கும் அந்த வழியில் அவள் முன்னால் ஓடுவாள், நான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால். பழஞ்சப்பாத்து தப்புத் தப்பென்று அடிக்கும். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் நான் ஓடினேன். அந்த வேகத்தில் போனால் மெடல் உறுதி.

ஓட்டத்துக்கு முந்தின மாலை, புது டீ-சட்டையின் ஓரத்தில் மஞ்சள் வைத்தாள்.

"சப்பாத்துக்கு வைக்கலையா?" என்றேன்.

"சப்பாத்துக்கு யாராச்சும் மஞ்சள் வைப்பாங்களா? புத்தி கெட்ட மனுஷா!" என்றவள், கொஞ்சம் யோசித்துக் காலுறையின் விளிம்பில் ஒரு பொட்டு வைத்தாள். "காலுக்குப் பூசுறதுதானே."

சுண்ணாம்பு மலைகளின் மேல் வெளிச்சம் ஏறும்போது கிளம்பினோம். புதுச் சப்பாத்தில் பாதி தூரம் பறந்தாள். தெருவோரத்தில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள் கை தட்டினார்கள். அப்புறம் காதில்தான் முதலில் தெரிந்தது. இத்தனை நாள் நான் பிடித்து ஓடிய அந்தத் தாளம் பிசகியது. ஒரு கால் சரியாக விழ, மறு கால் இழுத்தது.

நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து சப்பாத்தை அவிழ்த்தாள். குதிகாலில் தோல் வழன்று சுருண்டிருந்தது. மஞ்சள் பொட்டுக்குப் பக்கத்தில் ரத்தம். சப்பாத்தைப் பற்றி அவ்வளவு படித்த என் பையில் ஒரு பிளாஸ்டர்கூட இல்லை.

"கழட்டிடு" என்றேன். "வெறுங்காலோட ஓடு. ரோடு நல்லாத்தானே இருக்கு. நேரம் இருக்கு, போலாம். சப்பாத்த நான் தூக்கிட்டு வாரேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். எத்தனையோ வருஷம் கூட வாழ்ந்தும் நான் பார்த்திராத பார்வை.

"சப்பாத்த கையில தூக்கிட்டு நடந்ததெல்லாம் போதும்."

பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி காலை உள்ளே நுழைத்தாள். கயிற்றை இறுக்கினாள். நடந்தாள். நான் பக்கத்தில் நடந்தேன். "நீங்க போங்க, உங்களுக்காச்சும் கிடைக்கும்" என்றாள். "நான் எங்க போறது" என்றேன். எங்களைக் கடந்து எல்லோரும் போனார்கள். பிறகு கடக்க ஆளில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முடிவுக்கோட்டில் நின்ற காற்றடைத்த வளைவை இறக்கிக்கொண்டிருந்தார்கள். தண்ணீரும் வாழைப்பழமும் மிச்சம் இருந்தன. "நேரம் தாண்டிருச்சு அக்கா, சாரி" என்றார் மேசையில் இருந்தவர். "பரவால்ல தம்பி" என்று பழத்தை வாங்கிக்கொண்டாள். உரிக்கவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் கேட்டேன், வேலையிடத்தில் என்ன சொன்னார்கள் என்று.

"கேட்டாங்க" என்றாள். அவ்வளவுதான்.

புண் ஆறியதும் அந்தச் சப்பாத்தை வேலைக்குப் போட்டுக்கொண்டு போக ஆரம்பித்தாள். தினமும். பகலெல்லாம் அதில் நின்று நின்று, காலண்டர் தாளில் நான் வரைந்த அதே இலை வடிவத்துக்கு அது விரிந்துவிட்டது. பின்பக்கம் இளகிவிட்டது. வாசலில் கழற்றிப் போட்டிருக்கும்போது கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். ஓட்டத்தன்று எப்படி இருந்திருக்க வேண்டுமோ, இப்போது அப்படி இருக்கிறது.

இந்த வருஷ ஓட்டத்துக்குப் பெயர் எடுக்கிறார்கள் என்று போன வாரம் சொன்னேன். அவள் வாசலில் குனிந்து கயிறு கட்டிக்கொண்டிருந்தாள்.

"இப்ப நல்லா பழகியிருக்கு பாரு" என்றேன்.

"ஆமா" என்றாள், முடிச்சைப் போட்டபடியே. "நிக்கிறதுக்கு."

தொழிற்சாலை பஸ் ஹாரன் அடித்தது. ஓடாமல், நடந்துதான் போனாள்.