டேட்டாவைக் குடித்த ஒரு பாட்டு

போன மாதம் ஒரு சனிக்கிழமை. கறிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. கல்குடாவில் இருந்து என் தங்கச்சி மகள் ஷெரின்.

"பெரியம்மா, அம்மாட போனில பேய் இரிக்கு."

"என்ன பேய்?"

"டேட்டா குடிக்கிற பேய். மாசத்துக்கு எண்டு போடுற பேக்கேஜ் பாதி மாசத்தையும் தாண்டுதில்ல. நேற்று பயோ கிளாஸ் நடக்கக்குள்ள கட் ஆகிட்டு. மறுகா சேர் என்ன படிப்பிச்சாரெண்டே தெரியா."

குரலில் பகிடி இருந்தது. ஆனால் இடைக்கிடை மூக்கை உறிஞ்சினாள். அழுதுவிட்டுத்தான் பேசுகிறாள் என்று எனக்கு விளங்கிவிட்டது. இந்த வருடம் அவளுக்குப் பல்கலைக்கழகம் போவதற்கான ஏ.எல். சோதனை. வகுப்பெல்லாம் ஒன்லைனில். தாயின் போனில் இருந்து ஹொட்ஸ்பொட் எடுத்துத்தான் படிக்கிறாள். அந்த வீட்டில் இருப்பது அந்த ஒரு பேக்கேஜ்தான்.

இப்படிப் போனுக்குள் இருக்கிற பேய்களை விரட்டுவதென்றால் எனக்குக் கொள்ளை விருப்பம். பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு அது தெரியும். போனில் பாட்டுக் கேட்கும்போது டேட்டாவை எப்படி மிச்சம் பிடிப்பது என்று கொஞ்ச நாளைக்கு முன் இங்கேதானே அரைப் பக்கம் உபதேசம் செய்தேன்? வீடியோவாகப் போட்டுவிட்டு போனைக் குப்புறக் கவிழ்த்து வைக்காதீர்கள் — நீங்கள் பார்க்காவிட்டாலும் படம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். தரத்தைக் குறைத்து வையுங்கள். ஒரு பாட்டு முடிய அடுத்தது தானாக ஓடுவதை நிறுத்துங்கள். பிடித்த பாட்டை வைஃபை உள்ள இடத்தில் ஒருதரம் போனுக்குள் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்...

ஊருக்கெல்லாம் சொன்னேன். சொந்தத் தங்கச்சி வீட்டை விட்டுவிட்டேன்!

அடுத்த நாள் மட்டக்களப்பில் இருந்து வாழைச்சேனை பஸ் எடுத்து, அங்கிருந்து ஆட்டோ பிடித்துப் போய் இறங்கினேன். தங்கச்சி றெஜினா தையல் மெஷினில் இருந்தாள். பக்கத்தில் போன். குப்புறத்தான். அதற்குள் இருந்து ஓர் ஆண் குரல் மெல்லப் பாடிக்கொண்டிருந்தது.

அந்தக் குரலை எனக்குத் தெரியும்.

யூட். றெஜினாவின் கணவர். பாசிக்குடாக் கடற்கரையில் ஒரு ஹோட்டலில் சாப்பாடு பரிமாறுகிற வேலை. போன வருடம் ஒரு மத்தியானம் நெஞ்சு நோகுது என்றவர், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே போய்விட்டார். வயது ஐம்பதுகூட ஆகவில்லை. இன்றைக்கும் அந்த வீட்டுப் படியில் கால் வைத்தால், "வாங்க மச்சாள்" என்று உள்ளே இருந்து கூப்பிடுவார் என்றுதான் மனம் எதிர்பார்க்கிறது.

யூட்டுக்குக் கிட்டார் வாசிக்க வரும். கோயில் பாடகர் குழுவிலும் இருந்தார். மழைக்காலத்தில் வெளிநாட்டுக்காரர் வரத்துக் குறைந்து, ஹோட்டலில் வேலையில்லாமல் வீட்டில் இருந்த நாட்களில், தானே ஒரு பாட்டுக் கட்டினார். பின் விறாந்தையில் இருந்து பாடினார். ஷெரின் அதைப் போனில் எடுத்து, அப்பாவுக்கென்று இணையத்தில் ஒரு சனல் திறந்து ஏற்றிவிட்டாள். கூரைத் தகரத்தில் மழை விழுகிற சத்தமும் பாட்டோடு சேர்ந்து கேட்கும். அந்தச் சனலில் அந்த ஒரு பாட்டுத்தான் இருக்கிறது.

றெஜினாவின் போனை வாங்கிப் பார்த்தேன். டேட்டா எங்கே போகிறது என்று செற்றிங்ஸ் சொன்னது. எந்த வீடியோ என்று, பார்த்தவற்றின் பட்டியல் சொன்னது. மேலிருந்து கீழ்வரை அதே பாட்டு. காலையில் அது. மத்தியானம் அது. துணி வெட்டும்போது அது.

என்னத்தைச் சொல்வது? எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். பக்கத்து வீட்டு வைஃபையைக் கேட்டு வாங்கி, பாட்டைப் போனுக்குள் இறக்கிக் கொடுத்தேன்.

"இனி நாள் முழுக்கக் கேட்டாலும் ஒரு துளி டேட்டா போகாது புள்ள. அவர் உன்ட போனுக்குள்ளேயே இரிக்கார்."

"ஓம் அக்கா" என்றாள். மறுபடி தையலுக்குக் குனிந்தாள். பிள்ளையின் படிப்பும் தப்பியது, தங்கச்சியின் பாட்டும் தப்பியது என்ற திருப்தியோடு பஸ் ஏறினேன். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு வந்தேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அது ஒரு கிழமைகூட நிலைக்கவில்லை.

"பேய் திரும்பி வந்திட்டு பெரியம்மா" என்றாள் ஷெரின். இந்தத் தரம் குரலில் பகிடி இல்லை.

எனக்கு ஆத்திரம் வந்தது. மறைப்பானேன்? இவ்வளவு மினக்கெட்டுச் செய்து கொடுத்தும் இப்படியென்றால்? மறுபடி பஸ் ஏறிப் போய், போனை வாங்கிப் பார்த்த உடனேயே றெஜினாவைப் பிடித்துக்கொண்டேன்.

"செத்த மனுசன் திரும்பி வரப்போறாரா றெஜினா? இருக்கிற பிள்ளைய யோசி. உள்ளுக்கு இறக்கித் தந்த பாட்ட விட்டுப்போட்டு, ஏன் திரும்பத் திரும்ப நெட்டுக்குப் போறாய்?"

கடைசிக் கேள்வியை மட்டும் கேட்டிருக்கலாம். சொல்லி முடித்ததும், அந்த முதல் வாக்கியத்துக்காக நாக்கைக் கடித்துக்கொண்டேன். றெஜினா கோபிக்கவில்லை. மெஷினை நிற்பாட்டினாள்.

"உள்ளுக்கு இரிக்கிறதக் கேட்டா வியூஸ் ஏறாதே அக்கா."

அது ஏறினால் என்ன, ஏறாவிட்டால் என்ன என்று எனக்கு விளங்கவில்லை.

"அவர் காலையில எழும்பினா முதல் வேலை அதப் பாக்கிறதுதான். தேத்தண்ணியும் பிறகுதான். எத்தின பேர் பாத்திரிக்காங்க எண்டு பாப்பார். அது அசையாது. அப்படியே நிக்கும். 'இண்டைக்கும் ஒருத்தரும் வரல்ல றெஜி' எண்டு சிரிப்பார். சிரிச்சாலும் எனக்குத் தெரியும்தானே."

"இப்ப ஏத்திறது நீ ஒருத்திதானே புள்ள. அதில என்ன கிடக்கு?"

"ஹோட்டலுக்குப் புதுசா வேலைக்கு வாற பொடியன்மாருக்கு அவர் சொல்லிக் குடுக்கிற ஒரு கதை இரிக்கு. முதல் வாற ஆக்கள உள்ளுக்குக் கொண்டுபோய் இருத்தாதீங்க, ரோட்டால போறவனுக்குத் தெரியிற முன் மேசையில இருத்துங்க எண்டு. வெறுங் கடைக்குள்ள ஒருத்தரும் ஏற மாட்டாங்களாம். ரெண்டு பேர் இரிக்கிறதக் கண்டாத்தான் மத்த ஆக்களும் வருவாங்களாம்."

தைத்துக்கொண்டிருந்த சட்டையை மடியில் வைத்து நீவினாள்.

"நான் முன் மேசையில இரிக்கன், அக்கா. வேற ஒண்டுமில்ல."

தரத்தைக் குறை, தானாக ஓடுவதை நிறுத்து என்று அரைப் பக்கம் எழுதத் தெரிந்தவளுக்கு, இதற்கு எந்தப் பட்டனை அழுத்துவது என்று தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. துக்கமாகவும் இருந்தது.

அடுப்படி வாசலில் ஷெரின் நின்றிருந்தாள். எல்லாம் கேட்டுவிட்டாள். எத்தனை நாளாகத் தாயோடு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்த பிள்ளை! மெல்ல வந்து, தாய்க்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள்.

"அழுறதுக்குத்தான் போட்டுக் கேக்கிறீங்க எண்டு நான் நினைச்சன் அம்மா."

"அதுவுந்தான்" என்றாள் றெஜினா.

பிறகு தாயும் மகளும் தாங்களே பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். வகுப்பு முடியுமட்டும் டேட்டா ஷெரினுக்கு. முடிந்த பிறகு இருவரும் சேர்ந்து, ஆகக் குறைந்த தரத்தில், ஒரு நாளைக்கு ஒருதரம் அப்பாவின் பாட்டு. படம் மங்கலாகத்தான் தெரியும். முகத்தை மனப்பாடமாகத் தெரிந்தவர்களுக்கு மங்கலானால் என்ன?

எனக்கு இன்னொரு யோசனை ஓடியது.

"என்ட பத்தியில எழுதட்டா? பாட்டுட பேரையும் போட்டா, எவ்வளவு ஆக்கள் கேப்பாங்க தெரியுமா?"

றெஜினா சட்டென்று நிமிர்ந்தாள்.

"வேணா அக்கா. கதைய வேணுமெண்டா எழுது. பாட்டுட பேரப் போடாத. செத்த மனுசன் எண்டு பாவம் பாத்து ஒருத்தரும் வர வேணா. பாட்டுக்காக வரட்டும்."

பாட்டின் பெயரைப் போடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

ரோட்டுவரை ஷெரின் கூட வந்தாள். ஆட்டோ வந்து நின்றதும் என் கையைப் பிடித்தாள்.

"பெரியம்மா, ஒரே போனில திரும்பத் திரும்பப் போட்டா எல்லாம் கணக்கில ஏறாது. அம்மா போடுறதில முக்காவாசி ஏறியிரிக்காது. அவக்குச் சொல்லிப்போடாதீங்க."

சொல்லவில்லை. இனியும் சொல்லமாட்டேன். றெஜினா பத்திரிகை படிக்கிற ஆள் இல்லை, அதனால் இங்கே எழுதலாம்.

அன்று பஸ்ஸில் யன்னலோரம் இருந்து, இயர்போனை மாட்டிக்கொண்டு, என் போனில் யூட் மச்சானின் பாட்டைப் போட்டேன். நல்ல பாட்டு. தங்கச்சி புருசன் என்பதற்காகச் சொல்லவில்லை. இத்தனை நாளில் ஒருதரம்கூட நான் அதை முழுதாகக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அன்றிலிருந்து ஒரு நாளைக்கு ஒருதரமாவது போடுகிறேன். இந்தத் தரம் என் பேக்கேஜ் மாதம் முடியுமுன்னே தீர்ந்துவிட்டது. உபதேசம் செய்த ஆளின் நிலைமை இது!

பாட்டின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. வாக்குக் கொடுத்துவிட்டேன். ஆனால் என்றைக்காவது உங்கள் போனில், ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தானாக ஓடும்போது, பெயர் தெரியாத ஒரு மனிதர் கிட்டாரோடு பாடுவதும், பின்னால் தகரக் கூரையில் மழை விழுவதும் கேட்டால்...

உடனே மாற்றிவிடாதீர்கள். டேட்டா போனால் போகட்டும்.