தூளி கட்ட ஓர் அனுமதி மனு

காலை 7.40க்கு மேனாம்பேட்டிலிருந்து கிளம்பினோம். நானும் என் மனைவி வசந்தாவும். முதுகுப் பையில் இரண்டு ஹேமக். பாராசூட் துணியில் தைத்து, இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டிப் படுக்கும் தூளிதான் அது. ஒன்று 1,350 ரூபாய். அடுத்த வெள்ளிக்கிழமை ஏரிக்கரையில் ஓர் இரவு தூங்குவதாகத் திட்டம். இன்று முன்னோட்டம்.

சென்னைப் பக்கம் மரத்தடியில் தூங்க ஏற்ற காலம் மார்கழியும் தையும்தான். அதற்கு முன்னால் மழை, பின்னால் வியர்வை. குளிர்காலம் என்று பெயரே தவிர விடியற்காலையில் இருபது டிகிரிக்குக் கீழே இறங்கினால் செய்தித்தாளில் படம் போடுவார்கள். ஆனாலும் தொங்கும் துணிக்கு அடியில் ஏரிக்காற்று புகுந்தால் முதுகு விறைக்கும். ஆகவே அடியில் விரிக்க ஒரு ஜமுக்காளம், மேலே பனிக்கு ஒரு தார்ப்பாய், சுற்றிலும் கொசுவலை. மரங்களுக்கிடையே பன்னிரண்டிலிருந்து பதினைந்து அடி. பட்டையை அறுக்காத இரண்டங்குல நாடா. எல்லாவற்றையும் படித்துக் குறித்து வைத்திருந்தேன். வருவாய்த் துறையில் முப்பத்துநாலு வருடம் கோப்பு பார்த்தவனுக்குத் தூங்குவதற்கும் ஒரு கோப்பு வேண்டும்.

இடம் கொடுத்தவர் ஏழுமலை, எங்கள் குடியிருப்பின் இரவுக் காவலர். கார் நிறுத்துமிடத்துத் தூண்களில் நான் தூளி கட்டிப் பார்த்ததைக் கண்டு சிரித்தார். "இன்னா சார், இந்த வயசுல தூளியா? தூண்ல தொங்குனா வவ்வாலுன்னு நெனச்சுக்குவாங்க. எங்க ஊட்டாண்ட வா. ஏரிக்கரையில மாமரம் கீது. காத்து சும்மா அள்ளிகினு போவும்."

வெளியாள் ஏரிக்கரையில் தங்குவதற்கு அனுமதி கேட்டுவிடுவது முறை என்று எனக்குத் தோன்றியது. ஏழுமலையிடம் சொல்லவில்லை. நாடாவின் நீளத்துக்காக என்று சொல்லித் தொலைபேசியில் அளவுகள் கேட்டேன். அவரும் வார விடுமுறையான வெள்ளிக்கிழமை இரவில் டார்ச்சோடு நடந்து காலடியால் அளந்து சொன்னார். மரத்துக்கு மரம், மரத்திலிருந்து வீடு, வீட்டிலிருந்து கன்றுக் கொட்டகை, கொட்டகையிலிருந்து தண்ணீர். அதை வைத்து அளவுகோல் போட்டு ஒரு வரைபடம் வரைந்து மனுவோடு இணைத்தேன்.

8.50. பூந்தமல்லி பேருந்து நிலையம். மெட்ரோ வேலையில் சாலை குறுகிப்போன இடத்தைத் தாண்டவே இருபது நிமிடம். அங்கிருந்து மேற்கே பதினொரு கிலோமீட்டர். ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை. ஏன் என்பது சிறிது நேரத்தில் விளங்கும்.

9.50. கூட்டுச்சாலையில் இறங்கினோம். அங்கேதான் அந்த ஊருக்கான வருவாய் அலுவலகம். வாசலில் மனுப் பெட்டி. "மனுக்கள் பகல் 12 மணிக்குப் பதிவு செய்யப்படும்" என்று ஒட்டியிருந்தது. மனுவைப் போட்டேன். அது அடியில் விழுந்த சத்தம் திருப்தியாக இருந்தது.

அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் நாலு கிலோமீட்டர், தலைக்குப் பதினைந்து ரூபாய். 10.25க்கு ஏரி. மழைக்குப் பின் நிரம்பிக் கிடந்தது. கரையின் சரிவில் ஏழு மாமரங்கள், சிமென்ட் ஓடு போட்ட ஒரு வீடு, கொட்டகையில் ஒரு கன்று. ஏழுமலை லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். அவர் மனைவி கன்னியம்மா மோர் கொடுத்தாள். முப்பது வருடத்துக்கு முன் இரண்டு பேரும் அக்கரையில் நெல் அறுத்தவர்கள். வயல்கள் கிடங்குகளான பின் அவர் காவலுக்குப் போனார், அவள் தொழிற்பேட்டை கேன்டீனுக்குப் பாத்திரம் கழுவப் போனாள். அந்தச் சம்பளத்தில் எழுந்த வீடு.

தூளி கட்டினோம். வசந்தா ஏறிப் படுத்து, "ஏங்க, இதுல இருந்து இறங்கறதுக்கு உங்க நோட்டுல என்ன போட்டிருக்கு?" என்றாள். கன்னியம்மா வாய்விட்டுச் சிரித்தாள்.

இரண்டாவது நாடாவைக் கட்ட மரத்தின் மறுபக்கம் போனபோதுதான் கல்லைப் பார்த்தேன். செடிக்குள் பாதி புதைந்த எல்லைக்கல். அந்தக் கல்லை எத்தனையோ ஊர்களில் பார்த்திருக்கிறேன். ஏரி எங்கே முடிகிறது என்று சொல்வது அது. கல்லுக்கு வெளியே இருக்க வேண்டிய வீடு உள்ளே இருந்தது. மரம், கொட்டகை, மோர் பானை, நாங்கள் நால்வர், எல்லாமே உள்ளே.

"ஏழுமலை, இந்த இடத்துக்குப் பட்டா?"

அவர் சிரிப்பு நின்றது. "இன்னா சார் திடீர்னு? கரை பொறம்போக்குதான். இருவத்தேழு வருசமா கீறோம்."

"அலுவலகத்துக்குத் தெரியாதா?"

"தெரியாம இன்னா? அல்லாருக்கும் தெரியும். எழுத்துலதான் யாருக்கும் தெரியாது." எதிர்க்கரையைக் காட்டினார். அங்கே சிமென்ட் தரைகள் மட்டும் வரிசையாக இருந்தன. "அங்க ஒம்போது ஊடு இருந்துச்சு. எவனோ ஒருத்தன் பக்கத்து ஊட்டுக்காரன் மேல பெட்டிசன் போட்டான். அளக்க வந்தவங்க ஒம்போதையும் அளந்துட்டாங்க."

மணி 11.32. நான் மனுவைப் பற்றிச் சொன்னேன். வரைபடத்தைப் பற்றியும்.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மெதுவாக, "அதுக்குத்தானா சார் என்னை அளக்கச் சொன்ன?" என்றார்.

பதில் சொன்னது கன்னியம்மா. "பேசிகினு நிக்காத. அம்மா இங்க குந்தட்டும். நீ போய் அந்த மனுவ எடுத்துகினு வா சார்."

"நீங்களும் வாங்க, ஷேர் ஆட்டோ நிற்கிறதே" என்றேன் ஏழுமலையிடம்.

"நான் வந்தா மூஞ்சி தெரிஞ்சிபூடும். நீ ஒண்டியா போ சார்."

வசந்தா தூளியிலிருந்து என்னைப் பார்த்தாள். பிணையாக வைக்கப்பட்டவள் மாதிரி இல்லை. அவர்கள் பக்கம் சேர்ந்துவிட்டவள் மாதிரி இருந்தாள்.

11.41. ஷேர் ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. ஓட்டுநர் பல் குத்திக்கொண்டிருந்தார். "ஆள் ரொம்பட்டும் நைனா." பத்துப் பேருக்கும் நானே தருகிறேன் என்று நூற்றைம்பதை நீட்டினேன். வாங்கிக்கொண்டு கிளம்பியவர், அரை கிலோமீட்டரில் ஒரு கீரைக்காரம்மாவுக்காக நிறுத்தினார். "சும்மா போற வண்டிதானே பெருசு, ஏத்திக்கினா இன்னா கொறஞ்சிடுவ?" கூடையை ஏற்ற இரண்டு நிமிடம்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் எனக்கு எதிராகவே வேலை செய்தது. பெட்டியைத் திறப்பார்கள், தேதி முத்திரை குத்துவார்கள், பதிவேட்டில் எண் போடுவார்கள். எண் விழாத காகிதம் வெறும் காகிதம். எண் விழுந்துவிட்டால் யாராவது பதில் எழுதியாக வேண்டும். பதில் எழுத யாராவது போய்ப் பார்த்தாக வேண்டும்.

11.58. அலுவலகத்துக்குள் போனபோது பெட்டி திறந்து கிடந்தது. முப்பது வயதிருக்கும் ஒரு பெண் எழுத்தர் முத்திரை குத்திக்கொண்டிருந்தார். அடுக்கில் என் உறை மேலிருந்து நாலாவது. பழுப்பு உறை, ஓரம் சீராக ஒட்டியது. என்னைப் போன்றவர்கள்தான் அப்படி ஒட்டுவார்கள்.

"அம்மா, அந்த நாலாவது உறை என்னுடையது. தவறாகப் போட்டுவிட்டேன். திருப்பிக் கொடுத்துவிடுங்கள்."

"பெட்டில போட்டா எங்களுது சார். வேணும்னா வாபஸ்னு ஒரு மனு எழுதிக் குடுங்க."

"அதற்கும் எண் போடுவீர்கள். அந்த எண்ணுக்குக் கீழே இதைச் சேர்ப்பீர்கள்."

முத்திரை பாதியில் நின்றது. "நீங்க எந்த ஆபீஸ்?"

"ஓய்வு பெற்றாகிவிட்டது. முப்பத்துநாலு வருஷம்."

மூன்று உறைகளை ஒதுக்கி என்னுடையதைப் பிரித்தார். படித்தார். வரைபடத்தை விரித்தார். உள்ளறையில் அதிகாரி தொலைபேசியில் பேசும் குரல் கேட்டது. நான் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

"ஸ்கேல் போட்டிருக்கீங்க," என்றார். "கன்னுக்குட்டி கொட்டகை உட்பட." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "அந்தப் பக்கம் யார்கிட்டயும் இவ்வளவு சரியான படம் கிடையாது சார்."

உள்ளே பேச்சு முடிந்து நாற்காலி நகர்ந்தது. அவர் காகிதங்களை மறுபடி உறையில் போட்டார். மேசையின் இந்தப் பக்க ஓரத்தில் வைத்தார். எழுந்து, "தண்ணி குடிச்சிட்டு வர்றேன்" என்று மூலையில் இருந்த பானைக்குப் போய் எனக்கு முதுகு காட்டி நின்றார். ஒரு டம்ளர் தண்ணீரை யாரும் அவ்வளவு நேரம் குடிக்க முடியாது.

அரசு மேசையிலிருந்து ஒரு காகிதத்தைத் திருடினேன். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தாகமே எடுத்திருக்காது.

1.05. ஏரிக்கரை. ஏழுமலை உறையை வாங்கி முழுதும் படித்தார். படத்தைக் கன்னியம்மாவிடம் காட்டினார். "பாரு, ஊடு எப்பிடி கீது. நம்ம பேரு கூட போட்டுகீறாரு." பிறகு என்னிடம், "வுடு சார். வெள்ளிக்கிழமை வா. சொன்னா சொன்னதுதான்" என்றார்.

கரையில் ஒரு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. கன்னியம்மா திரும்பிப் பார்த்தாள். அது போய் மறைந்த பிறகும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வசந்தா தூளியை அவிழ்க்க ஆரம்பித்தாள். "வேண்டாம் ஏழுமலை. நாங்க இங்க படுத்தா தூங்கிடுவோம். நீங்க ரெண்டு பேரும் ராத்திரி பூரா முழிச்சிருப்பீங்க."

மறுபக்க நாடாவை ஏழுமலையே அவிழ்த்துக் கொடுத்தார். கன்னியம்மா உறையை அடுப்பில் போட்டாள், படத்தை முதலில்.

திரும்பும் பேருந்து பூந்தமல்லியைத் தாண்டியது. வசந்தா கேட்டாள்: "வீட்ல ஒரு காப்பி வச்சிருப்பீங்களே?"

"இருக்கிறது."

மாலை 4.30. மேனாம்பேடு. வாசலில் இன்னும் பகல் காவலர்தான் இருந்தார். ஏழுமலை எட்டு மணிக்கு வருவார், கதவைத் திறப்பார், "இன்னா சார்" என்பாரா மாட்டாரா என்று தெரியவில்லை. கோப்பைப் பிரித்து நகலை எடுத்து, வசந்தா பார்க்க எட்டாகக் கிழித்தேன். கோப்பின் பொருளடக்கத்தில் பதினான்காம் எண்ணுக்கு எதிரே மனுவின் பெயர், ஊர், ஏரி எல்லாம் என் கையெழுத்தில் இருந்தன. ஒரு தாளை நீக்கினால் எதிரே காரணம் எழுதுவது முறை. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வசந்தா வந்து, பொருளடக்கத்தையும் உருவிக் கிழித்துவிட்டு, பேனாவை மூடி வைத்தாள்.